மழைக்கு அடியில் ஒரு புல்லாங்குழல்

அன்று வெள்ளிக்கிழமை, மாலை ஐந்தே முக்கால். உதியன்குளங்கரை சந்திப்பில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எதிரே உள்ள சாயாக்கடையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். மேசைமேல் மூன்று சாயா, ஒரு தட்டில் பழம்பொரி, மூன்று கைபேசிகள். சாயாவை யாரும் தொடவில்லை. ஆடை படிந்துவிட்டது.

ஆறு மணிக்கு ஒரு படத்தின் பின்னணி இசை ஆல்பம் வெளியாக வேண்டும். படம் திரைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாட்டுகள் அதற்கும் முன்பே வந்துவிட்டன. நாங்கள் காத்திருந்தது பாட்டுக்கு அல்ல. காட்சிகளுக்கு அடியில் ஓடுகிற இசைக்கு.

என் பக்கத்தில் பிரைட். திருப்புறத்துக்காரன். மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் கொடையானாலும் சபைக் கன்வென்ஷனானாலும் கல்யாணமானாலும் அந்தப் பக்கத்தில் எல்லோருடைய சத்தமும் அவன் பெட்டி வழியாகத்தான் வெளியே வரும். எதிரே ஷீலா. பாறசாலை டிப்போவில் கண்டக்டர். டியூட்டி முடிந்து சீருடையோடு அப்படியே வந்திருந்தாள்.

ஆறு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பிரைட்டின் கைபேசி அதிர்ந்தது. படித்தான். அவன் முகம் தொங்கிப்போனது.

“மாத்தி வச்சிட்டானுவ அண்ணா. சில காரணங்களால தள்ளிப் போகுதாம். தேதி பின்னால சொல்லுவானுவளாம்.”

நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் மூச்சு விட நிறுத்திய இடத்திலிருந்து பிரைட் தொடர்ந்தான். ஷீலா ஒரு பழம்பொரியை எடுத்து இரண்டாகப் பிட்டாள். தின்னாமல் தட்டிலேயே வைத்தாள்.

“அப்பம் எனக்கு அத கேக்க முடியாது” என்றாள்.

“ரெண்டு நாளோ நாலு நாளோ, வரத்தானே செய்யும்?”

“வரும் சசியண்ணா. அது வரும்போ எனக்க காது இருக்கணும் இல்லியா?”

எங்களுக்குப் புரியவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள். வருகிற புதன்கிழமை அவளுக்கு இடது காதில் அறுவை சிகிச்சை.

பாட்டில்லாத பாட்டு

இதற்கு மேலே சொல்வதற்கு முன், எங்கள் கிறுக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி அதைப் ‘பாட்டில்லாத பாட்டு’ என்பாள். ஒரு மணி நேரம் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நடுவில் பிடுங்கித் தன் காதில் வைத்துப் பார்ப்பாள். “யாரும் பாடவே இல்லியே?” என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள்.

படம் பார்க்கும்போது அந்த இசை நம்மை என்னவோ செய்துவிடும். ஆனால் அதை முழுதாகக் கேட்க முடியாது. வசனம் அதன் தலைமேல் ஏறி உட்காரும். மழை பெய்யும். லாரி போகும். கதாநாயகன் யாரையாவது அடிப்பான். ஆல்பமாக வரும்போதுதான் அது அத்தனையையும் உதறிவிட்டுத் தனியாக நிற்கும். கூட்டத்தில் முதுகை மட்டும் பார்த்த ஓர் ஆளை முகத்துக்கு நேரே பார்ப்பது மாதிரி.

நாங்கள் காத்திருந்த இசையமைப்பாளரின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தத் தொடரைப் படிக்கிறவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து எனக்குக் கடிதம் போடுவார்கள். எங்களுக்குள் அவர் ‘நம்ம ஆள்’. அவ்வளவு போதும்.

நம்ம ஆள் அதிகம் பேசமாட்டார். படம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரே ஒரு புகைப்படம் போட்டார். ஒரு நாற்காலி. அதன்மேல் திறந்த பெட்டி. பெட்டிக்குள் ஒரு குழல். கீழே ஒரு வார்த்தைகூட இல்லை.

அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு மாதம் பேசினோம்.

“குழலுக்க நீளம் பாத்தியளா?” என்று பிரைட் அதைப் பெரிதாக்கிக் காட்டுவான். “இது கச்சேரியில வாசிக்கிற குழல் இல்ல. அடிக்குரல் குழலாக்கும். இவரு என்னவோ பெரிசா செய்யப் போறாரு.”

“நாற்காலியப் பாரு மக்கா” என்பாள் ஷீலா. “ஒத்த நாற்காலி. கூட்டமா வாசிக்க மாட்டாவ. ஒரு ஆளு தனியா வாசிக்கப் போறாவ.”

இரண்டு பேரும் சொன்னது சரியாக இருந்தது.

நாலு அடியா, அஞ்சு அடியா

ஷீலாவை நான் முதலில் பார்த்தது அவளுடைய பேருந்தில்தான். ஏழெட்டு வருடம் இருக்கும். குன்னத்துகால் வழி போகிற வண்டி. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். மடியில் இருந்த பையின்மேல் விரலால் ஏதோ ஒரு படத்தின் பின்னணி இசையைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

டிக்கெட் கொடுத்துவிட்டு அவள் நகரவில்லை.

“அண்ணா, அது நாலு அடி இல்ல. அஞ்சு அடியாக்கும். ஒவ்வொரு தடவையும் ஒண்ண முழுங்குறிய.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். “எதைத் தட்டினேன்னு தெரியுமா?”

“கோர்ட்டுல தோத்துட்டு அப்பன் படி இறங்குற இடம்தானே?” என்று சொல்லிவிட்டு, கயிற்றை இரண்டு முறை இழுத்து மணி அடித்தாள். வண்டி கிளம்பியது. அவள் பின்பக்கம் போய்விட்டாள்.

நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி, ஐந்து ஐந்தாகத் தட்டிக்கொண்டே இரண்டு நிறுத்தம் போனேன். அவள் சொன்னது சரி. வருடக்கணக்காக நான் ஓர் அடியை விழுங்கிக்கொண்டிருந்தேன்.

அவள் சிறு வயதிலிருந்து சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவள். மேல் குரல் பாடுகிறவர்கள் பெயர் வாங்குவார்கள். ஷீலா பாடியது நடுக் குரல். “எங்க குரல் யாருக்கும் தனியா கேக்காது. நாங்க நிறுத்தினா மட்டும், என்னவோ போச்சேன்னு திரும்பிப் பாப்பாவ” என்று ஒருமுறை சொன்னாள். பின்னணி இசை அவளுக்கு ஏன் பிடித்தது என்று அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

பிரைட் எங்களோடு சேர்ந்தது எப்படி என்றால், ஒரு கல்யாண வீட்டில் விருந்து நேரத்தில் அவன் பெட்டியில் பாட்டுக்குப் பதில் பின்னணி இசை ஓடியது. மணமகனின் சித்தப்பா சண்டைக்குப் போனார். நானும் ஷீலாவும் இலையிலிருந்து எழுந்து போய்ப் பிரைட்டுக்குக் கை கொடுத்தோம்.

இப்படி மூன்று பேர். வயது வேறு, தொழில் வேறு, கும்பிடுகிற இடம் வேறு. ஒரு புது ஆல்பம் வருகிற நாளில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே நேரத்தில் கேட்கத் தொடங்குவோம். முடியும்வரை யாரும் பேசக்கூடாது. அது மட்டும்தான் சட்டம்.

இடது காது

இத்தனை வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியாத ஒன்றை அந்த வெள்ளிக்கிழமைதான் ஷீலா சொன்னாள். அவளுக்கு வலது காது கேட்காது. பள்ளிக்கூடக் காலத்தில் பொன்னுக்கு வீங்கி வந்து அந்தக் காது போய்விட்டது.

பேருந்தில் ஏன் எப்போதும் ஒரு பக்கமாகவே திரும்பி நிற்பாள், சாயாக்கடையில் ஏன் சுவரோரத்து நாற்காலியைத்தான் பிடிப்பாள் என்பதெல்லாம் அப்போதுதான் விளங்கியது. எங்களைவிட நுணுக்கமாகக் கேட்டது ஒற்றைக் காது.

இப்போது அந்த இடது காதில் நோய். உள்ளே தோல் தப்பாக வளர்ந்து, உருண்டு, பக்கத்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது. விட்டால் மூளைவரைக்கும் போகலாம். திருவனந்தபுரத்து டாக்டர் மறைக்காமல் சொல்லியிருந்தார். நோயை முழுதும் எடுப்பதுதான் முதல் காரியம். எடுத்த பிறகு எவ்வளவு கேட்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கேட்கலாம். ஒன்றுமே கேட்காமலும் போகலாம்.

“கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா அக்கா?” என்று பிரைட் கேட்டான்.

“ரெண்டு தடவ தள்ளியாச்சு மக்கா. இந்த ஆல்பம் வரட்டும், வரட்டும்னு. டாக்டரு இனி சம்மதிக்க மாட்டாரு. தாஸும் சம்மதிக்க மாட்டாரு.” தாஸ் அவள் கணவன். ரப்பர் தோட்டத்தில் மேற்பார்வை வேலை.

ஓர் ஆல்பத்துக்காக உயிரோடு விளையாடுவாளா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்கும் கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். காது போகலாம் என்று தெரிந்த ஒருத்தி, கடைசியாக எதைக் கேட்பது என்று தானே தேர்ந்தெடுக்க நினைத்தாள். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

அவள் தேர்ந்தெடுத்தது முழு ஆல்பம்கூட அல்ல. இரண்டரை நிமிட இசை ஒன்று. மலைக் கிராமங்களில் நடந்து தபால் கொடுக்கிற ஒரு பெண்ணின் கதை அந்தப் படம். இரண்டாம் பாதியில் மழைக்கு ஒதுங்கி, அடைத்த கடை வாசலில் நின்று கடிதங்களைப் பிரித்து அடுக்குவாள். இறந்துபோன தன் கணவன் பெயருக்கு வந்த ஒரு கடிதம் கையில் வரும். திறக்கமாட்டாள். மற்ற கடிதங்களோடு பையில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கி நடப்பாள். அந்த இடத்தில் குழல் வரும். ஆனால் தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம், பாதிக்கு மேல் அதை மூடிவிடும்.

அருண் அனுப்பியது

மறுநாள் காலை நான் ஒரு காரியம் செய்தேன். இன்று எழுதும்போதும் கூசுகிறது.

என் அக்கா மகன் அருண் சென்னையில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறான். கல்யாணம் ஆகிக் குழந்தை இருக்கிறது. அந்தப் படத்தின் இசை அங்கேதான் இறுதி செய்யப்பட்டது என்று எனக்குத் தெரியும். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

“மாமா, இது வெளிய போச்சுன்னா எனக்க வேலை தீந்து. வேற எங்கயும் சேத்துக்க மாட்டாவ.”

“ஒரே ஒரு துண்டு. அவ கேட்டதும் அழிச்சிருவேன்.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் அனுப்பிவிட்டான். திங்கள் காலை பாறசாலை டிப்போவுக்குப் போனேன். அவள் கடைசி நாள் டியூட்டி. வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருந்தது. சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து கணக்குத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

இயர்போனை நீட்டினேன். “கேளு.”

“என்னது?”

“மழையில்லாத குழல்.”

அவள் கை பாதி வழி வந்தது. நின்றது. “இது எங்க இருந்து?”

நான் மழுப்பியிருக்கலாம். அவள் பார்த்த பார்வையில் மழுப்ப வரவில்லை. சொல்லிவிட்டேன்.

ஷீலா இயர்போனை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவளுக்கு வேண்டாம் என்று நினைக்காதீர்கள். அவள் கண் என் கைபேசியை விட்டு நகரவே இல்லை.

“சசியண்ணா, டிக்கெட் எடுக்காம ஏறுற ஆளப் பிடிக்கிறது எனக்க வேலை. எனக்க காதுல நானே டிக்கெட் இல்லாம ஏத்தவா?”

“யாருக்கும் தெரியாது ஷீலா.”

“அருணுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் பயந்து பேடிச்சிட்டு இருப்பான். எனக்கு ரெண்டரை நிமிஷம் சந்தோஷம், அவனுக்கு எத்தன நாளு பேடி? பச்சப் பிள்ள இருக்கிற வீடு.” வண்டியின் டிரைவர் ஹாரன் அடித்துக் கூப்பிட்டார். எழுந்தாள். “இப்பம் எனக்க முன்னால அழிங்க. நான் பாக்கணும்.”

அழித்தேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“நீங்க கேட்டியளா?”

“இல்ல” என்றேன்.

அது பொய். முந்தின நாளே மூன்று முறை கேட்டிருந்தேன்.

வண்டி கிளம்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இடத்தில் நான் இருந்தால் கேட்டிருப்பேன். சந்தேகமே இல்லை. அன்றைக்கு அவள்மேல் எனக்கு வந்த மதிப்பு இன்னும் இறங்கவில்லை.

பதினொன்றரை மணிக் காட்சி

அன்று மதியம் பிரைட் கூப்பிட்டான். “அண்ணா, நெய்யாற்றின்கரையில அந்தப் படம் இன்னும் ஓடுது. காலைக்காட்சி மட்டும் உண்டு. நாளைக்கு அக்கா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால கூட்டிட்டுப் போவமா?”

எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை மணிக் காட்சி. ஷீலாவும் தாஸும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துவைத்த பையோடு வந்தார்கள். பிரைட் ஒரு மணி நேரம் முன்பே போயிருந்தான். படம் ஓட்டுகிறவரிடம் பேசி, காலி அரங்கில் ஒவ்வோர் இருக்கையாக உட்கார்ந்து பார்த்து, கடைசிக்கு மூன்றாவது வரிசையில் வலப்பக்க ஓரத்தைத் தேர்ந்து வைத்திருந்தான். அங்கே உட்கார்ந்தால் இடது காது அரங்கம் முழுவதையும் பார்த்து இருக்கும்.

அரங்கில் எங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம்.

இடைவேளையில் தாஸ் சாயா வாங்கப் போன நேரம், நான் ஷீலாவிடம் உண்மையைச் சொன்னேன். “அந்தத் துண்ட நான் கேட்டாச்சு.”

“தெரியும்.”

“எப்படி?”

“ஒரு நாளைக்கு எத்தன நூறு மொகம் பாக்கிறவளாக்கும் நான்? டிக்கெட் எடுத்தவனுக்கு ஒரு மொகம், எடுக்காதவனுக்கு ஒரு மொகம்.” சிரித்தாள். உடனே விரலை நீட்டினாள். “எப்படி இருந்துதுன்னு மட்டும் சொல்லப்பிடாது.”

அந்த இடம் நெருங்கியது. திரையில் மழை தொடங்கியது. முன்வரிசையில் யாரோ தின்பண்டப் பொட்டலத்தைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். பிரைட் குனிந்தபடியே ஓடி, அவர்கள் பக்கத்தில் முழந்தாளிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு ஏதோ சொன்னான். பொட்டலம் நின்றது.

தகரக் கூரையில் மழை. கடிதங்கள். பிறகு எங்கோ ஆழத்திலிருந்து அந்தக் குழல்.

ஷீலா முன்னால் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது. தாஸ் திரையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இந்த இசையெல்லாம் ஒன்றுதான். ஆனால் அந்த இரண்டரை நிமிடம் அவர் மூச்சுவிடுகிற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் நல்ல வெயில். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“மழைக்கு அடியிலதான் இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா மழைய ஒதுக்கி மாத்தி வச்சிட்டுக் கேட்டேன். முக்கால்வாசி கிட்டிச்சு. போதும்” என்றாள்.

அங்கிருந்து நேரே திருவனந்தபுரம் பேருந்து ஏறினார்கள்.

எழுதி அனுப்புங்க

புதன்கிழமை அறுவை சிகிச்சை நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. நானும் பிரைட்டும் தாஸோடு வெளியே உட்கார்ந்திருந்தோம். டாக்டர் வந்து சொன்னார். நோயை முழுதும் எடுத்தாயிற்று. ஆனால் ஒலியை உள்ளே கடத்துகிற சின்ன எலும்புகளை அது தின்றுவிட்டது. அவற்றையும் எடுக்க வேண்டி வந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்க்கப் போனோம். தலையைச் சுற்றிப் பெரிய கட்டு. நாங்கள் பேசுவது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. தாளில் எழுதிக் காட்டினோம். அவள் பேசினாள்.

“எனக்க குரல் மட்டும் எனக்குக் கேக்குது. தலைக்குள்ள. வேற ஒரு சத்தமும் ஒச்சையும் இல்ல.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேருந்தில் அறுபது பேருக்கு நடுவே குரல் எழுப்பி நடந்தவள், யாரோ கதவைத் திறந்து உள்ளே வந்ததுகூடத் தெரியாமல் படுத்திருந்தாள். பிரைட் என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் ஆல்பம் வந்தது. அதே மாலை ஆறு மணிக்கு. மொத்தம் இருபத்தேழு துண்டுகள்.

சாயாக்கடைக்கு நாங்கள் இரண்டு பேர்தான் வந்தோம். சுவரோரத்து நாற்காலி காலியாக இருந்தது. யாரும் கைபேசியைத் தொடவில்லை. அக்காவுக்குக் கேட்காதது எங்களுக்கும் வேண்டாம் என்று பிரைட் சொன்னான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

ஆறேகாலுக்கு ஷீலாவிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு செய்தி.

‘ஆல்பம் வந்தாச்சுன்னு பாத்தேன். ரெண்டு பேரும் கேக்காம பட்டினி கிடப்பீங்கன்னு தெரியும். மரியாதையா கேளுங்க. கேட்டுட்டு ஒவ்வொண்ணா எழுதி அனுப்புங்க. எனக்கு வாசிக்கக் கண்ணு உண்டு.’

கேட்டோம். முதல் துண்டு முடிந்ததும் நான் எழுதி அனுப்பினேன்: ‘மிக நன்றாக இருக்கிறது.’

உடனே பதில் வந்தது: ‘எங்க நல்லா இருக்கு?’

மறுபடி எழுதினேன்: ‘தொடக்கம் அருமை.’

‘அருமைன்னா எப்படி? எந்த வாத்தியம் மொதல்ல வருது? தனியா வருதா, கூட யாராவது உண்டா? ஏறுதா, இறங்குதா?’

அப்படித் தொடங்கியது. ஒரு நாளைக்கு இரண்டு துண்டுதான் முடிந்தது. கடையில் ஆள் இல்லாத நேரம் கேட்பேன். திரும்பத் திரும்பக் கேட்பேன். எழுதுவேன். அழிப்பேன். பிரைட் அவன் வழியில் எழுதினான். எந்த வாத்தியம் இடப்பக்கம், எது வலப்பக்கம், எது எத்தனையாவது நொடியில் நுழைகிறது என்று. எனக்கு அதெல்லாம் தெரியாது. கேட்கும்போது என்ன நடக்கிறதோ அதைச் சொல்லப் பார்த்தேன்.

இந்தத் தொடரைப் படித்துவிட்டு, எழுதுவதை எங்கே கற்றீர்கள் என்று கேட்கிறவர்கள் உண்டு. அங்கேதான். ‘நல்லா இருக்கு’ என்று எழுதினால் திருப்பி அனுப்புகிற ஒருத்தி இருந்தாள்.

பதினைந்தாவது துண்டுதான் அந்தக் குழல். அதற்கு மட்டும் எனக்கு மூன்று நாள் ஆனது. கடைசியில் அனுப்பியது இது: ‘குழல் தனியாக வருகிறது. மேலே ஏறப் போவதுபோல் வந்து ஏறாமல் நின்றுவிடுகிறது. அடியில் தாழ்ந்த குரலில் செல்லோ. அது நகர்வதே இல்லை. பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, ஒன்றும் கேட்காமல் இருக்கிற ஆள் மாதிரி.’

பிரைட் எழுதினான்: ‘செல்லோ ஒரே சுருதி. கடைசிவரை மாறல. குழல் நிறுத்தின பின்னாலயும் நாலு நொடி அது மட்டும் நிக்கும்.’

அன்று அவளிடமிருந்து பதில் கேள்வி வரவில்லை.

எலும்பு வழியாக

இரண்டு மாதம் கழிந்து செவித்திறன் பரிசோதனை. தாஸுக்குத் தோட்டத்தில் வேலை. நான்தான் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவளை உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்தார்கள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் கை மடியிலேயே கிடந்தது. மிகப் பலமான சத்தத்துக்கு ஒன்றிரண்டு முறை எழும்பியது.

பரிசோதனை செய்த பெண் பிறகு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சின்ன பொத்தான் மாதிரி ஒன்றை எடுத்துக் காதுக்குப் பின்னால், எலும்பின்மேல் வைத்து அழுத்தினாள்.

ஷீலாவின் கை எழுந்தது. மறுபடி எழுந்தது. மறுபடியும். அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

அந்தப் பெண் பொறுமையாக விளக்கினாள். உள்காதுக்கு ஒரு கேடும் இல்லை. வழிதான் அடைபட்டிருக்கிறது. சத்தத்தை எலும்பு வழியாக அனுப்பினால் உள்ளே போய்ச் சேரும். தலையில் மாட்டுகிற பட்டை ஒன்று உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் ஆட்கள் பேசுவதைக் கேட்கலாம்.

“போன்ல இருந்து பாட்டு கேக்கலாமா?” என்றேன் நான்.

“கேக்கலாம். ஆனா பழைய மாதிரி இருக்கும்னு நினைக்கக்கூடாது” என்றாள் அவள்.

பட்டை வந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தாஸ் அவளை என் கடைக்குக் கூட்டிவந்தார். பிரைட் முன்பே வந்து மின்விசிறியை நிறுத்தியிருந்தான். கண்ணாடி அலமாரிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். கறுப்புப் பட்டை, கூந்தலுக்கு மேலே. கையில் ஒரு கட்டுத் தாள். நாங்கள் அனுப்பியதை எல்லாம் டிப்போவில் அச்செடுத்து வைத்திருந்தாள். காது சரியாகும்வரை அவளுக்கு அங்கே அலுவலகத்தில்தான் வேலை.

கைபேசியை அவளே தொட்டாள். முதல் துண்டு ஓடத் தொடங்கியது. எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவள் முகம் மட்டும்தான்.

முகம் சுருங்கியது. நிறுத்தினாள்.

“தகர டப்பாக்குள்ள வாசிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தாள். மறுபடி தொட்டாள்.

இரண்டாவது துண்டு. மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தாளைப் புரட்டினாள். ஆறாவதில் லேசாகத் தலையை ஆட்டினாள். பத்தாவதில் விரல் தட்டத் தொடங்கியது. வெளியே களியக்காவிளைப் பக்கம் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. தாஸ் வாசலில் நின்றவர் உள்ளே வந்து சுவரோரம் சாய்ந்துகொண்டார்.

பதினைந்தாவது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். மழை இல்லை இப்போது. குழல் மட்டும்தான் அவளுக்குள் போய்க்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். பாதியில் கண்ணைத் திறந்து தாளைத் தேடினாள். எங்கள் வரிகளை விரலால் தொட்டுக்கொண்டு, உதடு அசைய வாசித்தாள். பிறகு மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

முடிந்ததும் எங்களைப் பார்த்தாள்.

“குழல் வருது. நல்லா வருது. செல்லோ எனக்கு வரல்ல சசியண்ணா. அவ்வளவு கீழ உள்ளது இந்த எலும்புல ஏறாது போல.”

பிரைட் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“எலே, என்னத்துக்கு மொகத்தத் திருப்புற? முழுக்கச் சொல்ல விடு.” தாளைத் தூக்கிக் காட்டினாள். “பக்கத்துல வந்து நின்னுட்டு ஒண்ணும் கேக்காத ஆளுன்னு எழுதியிருக்கிய. ஒரே சுருதி, கடைசிவரை மாறாதுன்னு இவன் எழுதியிருக்கான். ரெண்டையும் வாசிச்சிட்டுக் கேட்டேன். செல்லோ வந்து நின்னுது. நீங்க சொன்ன இடத்துல, சொன்ன மாதிரி, கடைசி நாலு நொடியும் நின்னுது.”

தாஸ் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் உள்ளங்கையை உயர்த்தித் தடுத்தாள்.

“இருங்க. அடுத்தது தொடங்கியாச்சு.”